பத்து மைல் தெற்கே

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரத்தில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். காலையில் எழுந்ததும், காப்பிக்கு முன்னால், ஈரி ஏரியின் தண்ணீர் இன்று எத்தனை டிகிரி என்று பார்ப்பார். அவரிடம் படகு கிடையாது. மீன் பிடிக்கவும் தெரியாது. ஏரியில் கால் நனைத்துப் பல வருடம் ஆகியிருக்கும். நகரத்துக் குடிநீர் நிலையத்தில், 30 அடி ஆழத்தில், 1927 முதல் எடுத்துவருகிற வெப்பநிலைக் கணக்கு அது. தண்ணீர் வழக்கத்தைவிட இரண்டு டிகிரி சூடாக இருந்துவிட்டால் அன்றைக்குப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் கிடைக்கும்.

இவரைப் பனிப் பித்தர் என்று வைத்துக்கொள்வோம். சூடான தண்ணீருக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் மேசையில் சாப்பாடு ஆறிவிடும். சுருக்கமாக நானே சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரி. கோடையில் நன்றாகச் சூடேறிக் கிடக்கும். நவம்பரில் கனடாப் பக்கமிருந்து உறைகுளிர்க் காற்று அதன்மேல் இறங்கும். ஏரித் தண்ணீருக்கும் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் காற்றுக்கும் 13 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் போதும், ஈரம் மேலே கிளம்பி, மேகமாகி, பனியாகக் கொட்ட ஆரம்பிக்கும். ஏரி 388 கிலோமீட்டர் நீளம். தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. காற்றும் அதே போக்கில் நீளவாக்கில் வீசினால் மேகங்களெல்லாம் ஒரே பட்டையாகச் சேர்ந்துகொள்ளும். அந்தப் பட்டை கரையேறுகிற கோடியில்தான் பஃபலோ இருக்கிறது.

பட்டையின் அகலம் பதினைந்து, இருபது கிலோமீட்டர் இருக்கும். உள்ளே மணிக்கு மூன்று நான்கு அங்குலம் கொட்டும், எதிர்வீடு தெரியாது. வெளியே வெயில் காயும். காற்றின் திசை கொஞ்சம் திரும்பினால் போதும், பட்டை இந்த ஊரை விட்டு அடுத்த ஊருக்குக் குடிபோய்விடும். ஆகையால் நாளைக்குப் பஃபலோவில் பனி என்று யாராவது சொன்னால் பித்தர் இரக்கத்தோடு சிரிப்பார். எந்தத் தெருவில் என்பதல்லவா கேள்வி.

2014 நவம்பரை அவரால் இன்னும் மறக்க முடியவில்லை. நகரத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் உள்ள ஊர்களில் ஐந்தடிக்கு மேல் கொட்டியது. கௌல்ஸ்வில் என்ற சிற்றூரில் மொத்தம் 88 அங்குலம். சில மைல் வடக்கே, நம் பித்தர் வீடு வாங்கியிருக்கும் புறநகரில், சில அங்குலத்தோடு கதை முடிந்தது. போதாக்குறைக்கு, வடக்கே நின்று பார்த்தவர்களுக்குப் பட்டையின் ஓரம் கண்ணுக்கே தெரிந்தது. நீலவானத்தின் கீழே, தரையிலிருந்து எழுந்து நின்ற வெள்ளைச் சுவர். பித்தர் வாசலில் வெயிலில் நின்றுகொண்டு அதைப் பார்த்தார். 2022 நவம்பரில் அதே கதை: ஆர்ச்சர்டு பார்க், ஹாம்பர்க் ஊர்களில் 80 அங்குலத்தை எட்டியது, வடக்கே போகப் போக அளவு சுருங்கியது. இரண்டு தடவையும் ஆர்ச்சர்டு பார்க்கில் நடக்க வேண்டிய பஃபலோ பில்ஸ் அணியின் ஆட்டத்தை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். சொந்த மண்ணில் ஆட்டம் பார்க்க முடியவில்லையே என்று ஊர் வருந்தியது. இவர் துக்கம் வேறு.

ஹாம்பர்க்கில் இவருடைய மைத்துனர் இருக்கிறார். அவருக்குப் பனி என்றாலே ஆகாது. ஃப்ளோரிடாவில் வீடு தேடிக்கொண்டிருக்கிற மனிதர். பனி அவரைத்தான் தேடிப் போகிறது. கதவு திறக்கவில்லை, காரை எங்கே நிறுத்தினேன் என்றே தெரியவில்லை என்று போனில் புலம்புவார். பித்தர் பல்லைக் கடித்துக்கொண்டு, அளந்து பார்த்தீர்களா என்று கேட்பார். அளந்திருக்க மாட்டார். ஆறரை அடிப் பனி, அளக்க ஆளில்லாமல் வீணாகிறது! மீனம்பாக்கத்தில் கொட்டித் தீர்த்த மழை நுங்கம்பாக்கத்துக்கு வரவில்லையே என்று டிசம்பர் மாதத்தில் ராடார் படத்தோடு மல்லுக்கட்டும் சென்னைவாசிகள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வேதனை உங்களுக்கு எளிதில் புரியும்.

பட்டை வருவதற்கு நான்கைந்து நாள் முன்பே அவருக்குத் தூக்கம் போய்விடும். ஜி.எஃப்.எஸ். என்ற அமெரிக்க வானிலை மாடல் நாளைக்கு நான்கு முறை கணக்குப் போடுகிறது. அதன் ராத்திரிக் கணக்கு அங்கே பத்தரை மணிக்கு மேல்தான் வர ஆரம்பிக்கும். ஐரோப்பிய மாடல் அதற்கும் பிறகு. பார்க்காமல் படுத்தால் தூக்கம் வராது. பார்த்துவிட்டுப் படுத்தாலும் வராது. ஜி.எஃப்.எஸ். பூமியைச் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது, ஐரோப்பியம் 9 கிலோமீட்டராக. பட்டையே பதினைந்து கிலோமீட்டர்தான் என்றால் ஒன்றிரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதன் ஓரம் யார் வீட்டுக் கூரையில் விழும் என்று அந்தக் கம்ப்யூட்டரால் எப்படிச் சொல்ல முடியும்? 3 கிலோமீட்டர் கட்டம் வைத்திருக்கும் இன்னொரு மாடல் மணிக்கொரு தரம் வருகிறது. மணிக்கொரு தரம் மனமும் மாறுகிறது.

இதெல்லாம் பித்தருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே, பட்டையைத் தன் தெருவில் நிறுத்துகிற படத்தை மட்டும் போனில் சேமித்து வைப்பார். எந்த மாடலை நம்பலாம் என்று கேட்டால், இந்த மாதிரி காற்றுக்கு ஐரோப்பியம்தான் சரி என்று தயங்காமல் சொல்வார். நேற்று இதே கேள்விக்கு அமெரிக்கம் என்றார். நேற்று அமெரிக்கம் அதிகம் கொடுத்திருந்தது.

மூடநம்பிக்கை உண்டா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். பள்ளிக்கூடம் லீவு விடவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைகள் தலையணைக்கு அடியில் ஸ்பூனை வைத்துக்கொண்டு, பைஜாமாவை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு படுப்பது வழக்கம். கழிப்பறையில் ஐஸ்கட்டி போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் உண்டு. தன் பிள்ளைகள் அப்படிச் செய்யும்போது அவர் விஞ்ஞானம் பேசிச் சிரிப்பார். ஆனால் பனியை வாரி வீசுகிற மெஷினுக்கு மட்டும் பெட்ரோல் ஊற்ற மாட்டார். தயாராக இருந்தால் வராது என்பது அனுபவ உண்மையாம். மனைவி ரொட்டியும் பாலும் வாங்கி வைத்தால்கூட முகம் வாடிவிடும்: அவசரப்பட்டுவிட்டாயே!

அந்த ராத்திரி வரும். ஊர் உறங்கும். இவர் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகாயத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில்தான் முதல் துகள் தெரியும். ஒரு கையில் ராடார். பட்டை ஐந்து மைலில் இருக்கிறது, நான்கு மைலில் இருக்கிறது, மூன்று மைலில் வந்து நிற்கிறது. நிற்கிறது என்றால் நின்றேவிடுகிறது. விடியற்காலையில் காற்று திரும்பி, பட்டை தெற்கே கிளம்பிப் போய்விடும். பித்தருக்கு நாமம். வாசலில் அரை அங்குலம், அதுவும் பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து பறந்து வந்ததாக இருக்கலாம்.

மறுநாள் அவர் யாரைக் குறை சொல்வார்? வானிலை அலுவலகத்தை அல்ல. அங்கே இருப்பவர்கள் படுகிற பாடு அவருக்குத் தெரியும். அவருடைய மனத்தாங்கல் எல்லாம் அளவு எடுக்கும் இடத்தோடுதான். பஃபலோவின் அதிகாரபூர்வப் பனிக்கணக்கு விமான நிலையத்தில் எடுக்கப்படுகிறது. அங்கே அவர் வாசலைவிட அதிகம் பெய்தால் அது நகரத்தைப் பிரதிபலிக்காத இடம். குறைவாகப் பெய்தால் அளக்கத் தெரியவில்லை.

அளப்பதில் அவர் கண்டிப்பானவர். வெள்ளை பெயின்ட் அடித்த பலகை ஒன்று தோட்டத்தில் கிடக்கும். ஆறு மணிநேரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அளந்து துடைக்கக் கூடாது. அடிக்கடி துடைத்தால் பனி தன் பாரத்தில் அமுங்க நேரமில்லாமல் கணக்கு ஊதிப்போகும். இந்த விதிக்குப் பலியான ஊர் ஒன்றின் கதையை அவர் தழுதழுத்த குரலில் சொல்லுவார். ஒன்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் மேட்டில் மான்டேகு என்று ஓர் ஊர். 1997 ஜனவரியில் அங்கே 24 மணிநேரத்தில் 77 அங்குலம் பதிவானது. கொலராடோவின் சில்வர் லேக்கில் 1921இல் பெய்த 75.8 அங்குலம் என்ற தேசிய சாதனையை அது முறியடித்திருக்க வேண்டும். விசாரணைக் குழு கணக்கைப் பார்த்தது. நான்கு தடவை அளந்திருக்க வேண்டிய இடத்தில் ஆறு தடவை அளந்திருந்தார்கள். சாதனை தள்ளுபடி. எனக்கென்னவோ குழு செய்தது நியாயமாகத்தான் படுகிறது. அவரிடம் அப்படிச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அதே மாநிலத்து நகரமான சிராகியூஸ் பேச்சை எடுத்தாலும் அவருக்குப் பிடிக்காது. மாநிலத்தின் ஐந்து நகரங்களில் அதிகப் பனி பெற்றதற்குக் கோல்டன் ஸ்னோபால் என்று ஒரு கோப்பை உண்டு. அதைப் பெரும்பாலும் சிராகியூஸ்தான் தட்டிக்கொண்டு போகிறது. அந்த ஊர் நகரமன்றமோ 1992 மார்ச்சில், கிறிஸ்துமஸ் முந்தினநாள் வரை இனிமேல் பனி பெய்வது சட்டவிரோதம் என்று வேடிக்கையாகத் தீர்மானம் போட்டது. இரண்டு நாளில் பனி பெய்தது. வேண்டாம் என்கிறவன் வீட்டுக்குத்தான் வரும் என்பதற்கு அவருக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எப்போதாவது பட்டை நிஜமாகவே அவர் தலைமேல் வந்து நின்றுவிடுவதும் உண்டு. முதல் ஆறு அங்குலம் பரமானந்தம். பனிக்கு நடுவே இடி இடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2015 பிப்ரவரியில் மாசசூசெட்ஸில் தொலைக்காட்சி வானிலையாளர் ஜிம் கான்டோரி, பனிப்புயலில் இடி இடிக்க இடிக்க கேமரா முன்னால் கூத்தாடினாரே, அந்த ஆட்டத்தை இவர் சமையலறையில் ஆடுவார். பதினைந்து அங்குலம் ஆனதும் கொஞ்சம் அமைதி. இருபது அங்குலத்தில், வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர் சோபாவில் உட்கார்ந்து அடுத்த வாரத்துப் படத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். இவருக்கு வேண்டியது பனி அல்ல, பனி வரப்போகிற அந்த நான்கு நாள் என்று நான் நினைப்பது இதனால்தான். வந்த பனியை அள்ளத்தான் முடியும். வரப்போகிற பனிக்கு அளவேது?

ஒரே ஒரு தடவை அவர் வாய் மூடியிருந்தது, 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில். கடும் பனிப்புயலில் பஃபலோவிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரில் சிக்கியவர்கள், மின்சாரம் போன வீட்டில் உறைந்தவர்கள், உதவி போய்ச் சேர முடியாதவர்கள். அந்தப் புயலின் அங்குலக் கணக்கு அவருக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

பெரும்பாலும் பிப்ரவரி வாக்கில் ஏரி உறைந்துவிடும். ஆழம் குறைந்த ஏரி அல்லவா, உறைவதிலும் சுறுசுறுப்பு. மேலே ஐஸ் மூடியதும் ஈரம் கிளம்ப வழியில்லை. பனித் தொழிற்சாலைக்குப் பூட்டு. ஊர் நிம்மதிப் பெருமூச்சு விடும். பித்தர், குளிர் போதாமல் ஐஸ் உடையாதா என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்ப்பார். குளிர் குறைந்தால் பனிக்குப் பதில் மழை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் பார்ப்பார்.

வேலை நிமித்தம் உங்களில் யாராவது அந்தப் பக்கம் குடிபோனால், இவர் உங்களுக்கு நல்ல பக்கத்து வீட்டுக்காரர். எந்தத் தகவலும் கேட்காமலே தருவார். இரண்டு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருங்கள். ஹாம்பர்க்கில் எவ்வளவு பெய்ததாம் என்று கேட்காதீர்கள். அவர் அளந்து எழுதி முடிக்கும்வரை அவர் வேலிப் பக்கம் மண்வாரியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.