ஓடமும் பாவும்: துறைப் பங்கீடு குறித்து ஓர் ஆராய்ச்சி

நூல் செய்யப் புகுவோன் முதலில் பாயிரம் உரைக்க வேண்டும் என்பதும், அப்பாயிரத்துள் நுதலிய பொருள், வழங்கும் எல்லை, கேட்போர், பயன் முதலியவற்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும் என்பதும் நன்னூலார் நமக்கு வைத்துப்போன விதியாகையால், அதை மீறும் துணிவு இன்றி, இந்தச் சிறு ஆராய்ச்சியின் விஷயத்தை முன்னதாகவே வெளியிட்டு விடுகிறேன். ஜன நெருக்கம் மிக்க ஒரு கடற்கரையில், கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகை நீரில் இறக்குவோரும், தங்கள் உடம்பை மட்டும் நீரில் இறக்குவோரும், ஒரே துறையை எங்ஙனம் பகிர்ந்துகொள்வது என்பதே நுதலிய பொருள். கேட்போர் எவரேனும் கிடைப்பர். பயன் போகப் போகத் தெரியும். எல்லையைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க வேண்டியிருக்கிறது.

நான் வாழும் பொதட்டூர்பேட்டை திருத்தணிக்கு வடமேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். இங்கிருந்து கடலுக்கு நேர்கோட்டில் நூல் பிடித்து அளந்தாலும் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. கடற்கரை விவகாரத்தில் கருத்துச் சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை என்று எவரும் கேட்கலாம். எங்கள் வட்டாரத்துக் கொசஸ்தலை ஆறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடந்தாலும், ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டால் பள்ளிப்பட்டுத் தரைப்பாலங்களை முழுகடித்துக்கொண்டு பூண்டி வழியே போய் எண்ணூரில் கடலோடு கலப்பதனால், கடலுக்கு நாங்களும் ஒரு வகையில் பங்காளிகளே. அன்றியும், எல்லைத் தகராறு என்பது எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போய், ம. பொ. சிவஞானம் முதலியோரின் கிளர்ச்சியும் எல்லை நடுவர் படாஸ்கரின் சிபாரிசும் சட்டமும் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் முதல் தேதி இந்தப் பக்கம் திரும்பிய பூமி திருத்தணி. வீட்டுக்குள் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி, பேரம் சூடேறினால் இரண்டும் கலந்த ஒரு மொழி என்று வாழப் பழகியவன், நீரின்மேல் கோடு கிழிக்கும் பிரச்சினையைப் பற்றிப் பேசுவதில் அதிகப்பிரசங்கித்தனம் ஒன்றும் இல்லை என்பது என் பணிவான துணிபு.

இனிச் சொல்லாராய்ச்சி. தமிழில் 'துறை' என்பது நீரில் இறங்கும் இடம். குளிப்பவனும், குடம் நிரப்புபவளும், துணி வெளுப்பவரும், மாடு கழுவுபவனும், பரிசல் தள்ளுபவனும் ஒருங்கே கூடுமிடத்துக்கு ஒரே பெயரை வைத்த நம் முன்னோர், அங்கே சச்சரவு மூளாதிருக்காது என்பதை உணர்ந்துபோலும், படித்துறை, வண்ணான் துறை, பரிசல் துறை எனப் பின்னர் அடைமொழி கொடுத்துப் பிரித்தனர். அகப்பொருளுக்கும் புறப்பொருளுக்கும் துறை வகுத்தவர்களும், சர்க்கார் இலாகாக்களைத் துறைகள் என்று பெயர்த்தவர்களும் இந்தப் படிக்கட்டிலிருந்தே சொல்லை எடுத்துச் சென்றார்கள். ஆகவே, ஒரு கோப்பு ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குப் போய்த் திரும்பாமற் கிடப்பதைக் கண்டு மனம் நோகிறவர்கள், ஆதியில் அது ஈரப் படிக்கட்டில் நடந்த தள்ளுமுள்ளுதான் என்று எண்ணித் தேறுதல் கொள்ளலாம்.

அடுத்தது பிரத்தியட்சப் பிரமாணம். என் அக்காள் மகன் சென்னையில் உத்தியோகம் பார்ப்பவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்னை முட்டுக்காட்டை அடுத்த கோவளத்துக்கு அழைத்துச் சென்றான். (கேரளத்துக் கோவளம் வேறு, அதன் புகழில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் நியாயமே.) மீனவர்களின் ஃபைபர் படகுகள் ஒரு பக்கம், அலைச்சறுக்குப் பலகையோடு திரியும் வாலிபர்கள் ஒரு பக்கம், குடும்பத்தோடு வந்தவர்கள் எல்லாப் பக்கமும் என்று கரை நிறைந்திருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடலின் கம்பீரத்தைத் தியானித்தபடி நீரில் நின்றிருந்தேன். அப்போது ஆரஞ்சு நிறக் கயாக் ஒன்று அலையின்மேல் ஏறி, மூக்கை என் திசையில் திருப்பிக்கொண்டு வந்தது. அதிலிருந்த இளைஞன், "ஓரம்! ஓரம்!" என்று கூவினான். ஓரம் என்றால் எந்த ஓரம்? தமிழ் கற்றவனாகையால் 'கரையோரம்' என்னும் தொகையே எனக்கு முதலில் தோன்றிற்று. உடனே கரையை நோக்கி இரண்டடி வைத்தேன். அதைவிடத் தவறான திக்கு அந்தச் சமுத்திரத்தில் வேறு இல்லை என்பதைப் படகின் பக்கவாட்டு என் முழங்காலுக்கு உணர்த்திற்று.

இதன் காரணத்தை அன்று மாலை ஆறுதலாக அமர்ந்து ஆராய்ந்தேன். அலையில் வரும் கயாக் நேரே வந்துகொண்டிருக்கும்வரை ஓடம். சற்றே குறுக்கே திரும்பிவிட்டால் அது ஓடமன்று, அலை உருட்டி வரும் உத்தரம். ஆளும் படகும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ எடை, கடலின் செலவில் கரையை நோக்கித் தள்ளப்படுகிறது. அதற்குத் தடை கிடையாது. துடுப்பைப் பின்புறமாக வலிக்கலாம், அலை இசைந்தால் நிற்கும். ஆதலால் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கலாகாது என்பதே இச்சாஸ்திரத்தின் முதற்சூத்திரம். படகோட்டியையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. அவன் நீர்மட்டத்திலேயே உட்கார்ந்திருப்பவன். நீந்துபவனுடைய தலையோ தேங்காய் மிதப்பது போல் ஒவ்வோர் அலைக்கும் ஒருமுறை தோன்றி மறைவது. கடலைப் பார்த்து நிற்பவனுக்கோ எதிரே கிழக்கு வெயில் வேறு. இருவரும் ஒருவரையொருவர் காண்பது பெரும்பாலும் காலங்கடந்த பிறகே.

அத்தனை நீண்ட கரையில் இவ்விரு சாராரும் ஏன் ஒரே பத்து முழத்தைத் தேடி வருகிறார்கள் என்பதே இந்த விசாரணையின் உயிர்நிலை. நீந்துவோர் பட்சம் இது: அலை உடையும் இடத்தில் நுரையும் ஆரவாரமும் இருக்கின்றன, அலை உடையாது சாதுவாகத் தோன்றும் இடத்தில் இறங்குவதே விவேகம். கயாக்காரர் பட்சமும் சொல் மாறாமல் இதுவே. ஆனால் சாதுவாகத் தோன்றும் அந்த இடம் பெரும்பாலும் சாதுவன்று. அலைகள் கரையில் கொண்டுவந்து குவித்த நீரெல்லாம், மணல் திட்டுகளின் நடுவே ஆழ்ந்திருக்கும் வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பியோடும் இழுப்பு அது. ஆழத்தினாலேயே அங்கு அலை உடைவதில்லை. பழகிய படகுக்காரன், தன்னை உள்ளே கொண்டுபோய்விடும் கூலியில்லாப் பல்லக்கு என்று அறிந்தே அதை நாடுகிறான். குளிக்க வந்தவன் அறியாமல் நாடுகிறான். அவனையும் அது உள்ளே கொண்டுபோகிறது. திரும்பக் கொண்டுவந்து விடும் ஏற்பாடு மட்டும் கிடையாது. அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுச் சோராமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும் என்று அறிந்தோர் சொல்வர். இவ்விடத்தில் என் பாரபட்சமற்ற தன்மையைச் சற்றே ஒதுக்கி வைத்து, அந்த இடத்தைப் படகுக்காரருக்கே தாம்பூலத்தோடு கொடுத்துவிடலாம் என்று தீர்ப்புச் சொல்கிறேன்.

கயாக்கின் ஜாதகத்தையும் பார்க்க வேண்டும். அது ஆர்க்டிக் கரைகளில் வாழும் இனுயிட் மக்களின் வேட்டைப் படகு. மரத்தாலோ எலும்பாலோ சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, செய்பவனுடைய உடம்பின் அளவுக்கே தைத்த சட்டை போன்றது. அந்தக் கடலில் உறைபனியின் குளிர். அதில் விளையாட்டாக இறங்கிக் குளிப்பார் இலர். ஆகவே பிறந்த வீட்டில் குளிப்பவனையே கண்டறியாத படகு அது; நம்மூர்க் கடலில், இடுப்பளவு நீரில் பாட்டியும் பேரனும் கைகோத்து நிற்கும் காட்சி அதன் பரம்பரை ஞாபகத்தில் இல்லை. கட்டுமரத்தின் கதை வேறு. சென்னைக்குத் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, பிரயாணிகள் மசூலாப் படகில் அலையைக் கடந்தனர். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த அந்தப் படகு அலைக்கு நெளிந்து கொடுக்கும். கொந்தளிப்பு மிகுந்த நாட்களில் கூடவே கட்டுமரக்காரர்கள் சென்று, தவறி விழுந்தவர்களைத் தூக்கியெடுப்பார்கள். ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்குக் கொண்டுபோனவர்களும் அவர்களே. மரத்தின்மேல் பாதி நேரம், நீருக்குள் பாதி நேரம் இருந்த அவர்களைப் படகோட்டிகள் என்பதா, நீந்துவோர் என்பதா? இரண்டு பட்சமும் ஒரே ஆளாக இருந்ததனால் அக்காலத்தில் வழக்குக்கு இடமே இல்லாமற் போயிற்று.

இன்றுள்ள பரிகாரங்கள் பல. ஆஸ்திரேலியர் சிவப்பும் மஞ்சளுமான இரு கொடிகளுக்கு நடுவில் குளிப்போரை நிறுத்துகிறார்கள். இங்கிலாந்துக் கரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கொடிகளுக்கு இடையே பலகைக்கும் கயாக்குக்கும் இடம். கட்டம் போட்ட துணியைக் கொடியாக்கும் யோசனையைத் தறிக்காரர் எவரும் ஆட்சேபிக்க மாட்டார். நீலக்கொடி என்றொரு சர்வதேசச் சான்று உண்டு. 1985இல் பிரான்சில் தோன்றி, 33 நிபந்தனைகளோடு டென்மார்க்கிலிருந்து வழங்கப்படுவது. கோவளமே 2021இல் அதைப் பெற்றது. கரையின் பல்வேறு உபயோகங்கள் ஒன்றோடொன்று மோதாமல் நிர்வகிக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளுள் ஒன்று. என் முழங்கால் அந்நிபந்தனைக்கு உட்பட்ட பகுதியில் நின்றதா, வெளியே நின்றதா என்பதை நான் அன்று கவனிக்கவில்லை.

இடத்தால் பிரிப்பது மேனாட்டு வழி என்றால், காலத்தால் பிரிப்பது நம் வழி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்துச் சரவணப் பொய்கையில் காவடி எடுத்தோர் பகலெல்லாம் முழுகுவர். மாலையில், மூன்று நாளும், முருகப்பெருமான் அதே நீரில் தெப்பமேறுவார். தெப்பம் வலம் வருகையில் எவரும் குறுக்கே நீந்தியதாகக் கேள்வியில்லை. படகில் இருப்பவருடைய அந்தஸ்து அதற்குக் காரணமாயிருக்கலாம். கயாக்காரர்களுக்கு அந்த அந்தஸ்தைச் சிபாரிசு செய்ய நான் துணியேன். ஒகேனக்கல்லிலோ, காவிரியில் நீர்வரத்து மிகுந்ததும் குளிப்பதற்கும் பரிசல் இயக்குவதற்கும் ஒருசேரத் தடை வந்துவிடுகிறது. வாதி, பிரதிவாதி இருவரையும் வெளியே அனுப்பிவிட்டால் நீதிமன்றத்தில் அமைதி நிலவும் என்பது இதன் தத்துவம்.

இனிச் சித்தாந்தம். 'ஓடம்' என்னும் சொல்லுக்கு அகராதியில் படகு என்பதோடு நெசவு நாடா என்றும் ஒரு பொருள் உண்டு. நாடாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வியப்பிராது: இருமுனையும் கூர்த்து, நடுவில் குடைந்து, அக்குடைவில் தார்க்குச்சியை உட்கார வைத்திருக்கும் அது, ஒரு சாண் நீளக் கயாக்கே. கரைக்கு இணையாக நீந்துபவன் பாவு நூல்; கரையிலிருந்து நேரே உள்ளே செல்லும் ஓடம் ஊடு நூலைச் சுமந்த நாடா. இரண்டும் குறுக்காகச் சந்தித்தே தீர வேண்டும். சந்திக்காவிட்டால் துணி இல்லை. ஆயினும் தறியில் நாடா பாவின்மேல் மோதுவதில்லை. மிதியை மிதித்ததும் விழுது பாதி நூல்களைத் தூக்குகிறது, பாவு வாய் திறக்கிறது, நாடா நழுவிப் போகிறது, வாய் மூடுகிறது. கடலிலும் இப்படி வாய் திறக்கும் கணங்கள் உண்டு; அலைகள் கூட்டங் கூட்டமாக வந்து, நடுவில் சற்று ஓய்கின்றன. அந்த ஓய்வில் ஓடம் போகட்டும், அதுவரை காத்திருக்கட்டும். நூல் அறுந்தால் கைத்தறிக்காரன் நிறுத்தி முடிச்சுப் போடுவான். விசைத்தறிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதற்கு ஒப்பான இயந்திரப் படகுகளைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் ஊருக்குள் எனக்குத்தான் வம்பு.

மிதியை மிதிப்பவர் யார் என்று கேட்பீர்கள். கரையில் ஊதலோடு நிற்கும் காவலரே என்பது என் விடை. ஆனால் கடல் அவர் காலுக்கு அடங்கிய மிதிக்கட்டை அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்து, பொங்கலுக்கு வந்த அக்காள் மகனுக்கு ஒரு மாலை முழுதும் படித்துக் காட்டினேன். வாசலில் ஒரு தறி ஓசை நின்று மறு தறி ஓசை தொடங்கும்வரை அவன் பேசவில்லை. பிறகு, "எல்லாம் சரி மாமா, அன்னிக்கு நீங்க நீந்தவே இல்லியே? முழங்கால் தண்ணியில வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு சும்மாதானே நின்னீங்க? கோவளத்துல முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நின்னாங்க. அவங்கள்லாம் பாவா, ஊடா?" என்றான்.

அது இரண்டாம் பாகத்தில் வரும் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே காப்பி எடுத்துவர எழுந்து போனான். நான் பாயிரத்தை எடுத்து, 'கேட்போர் எவரேனும் கிடைப்பர்' என்ற வாக்கியத்தை அடிப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.