பாக்கி வெச்சவனுக்கு வாய் ஏது?

வா அப்புனு, திண்ணையில உக்காரு. கையில இருக்கற காயிதத்தை இப்படிக் கசக்காதே. கசங்கினா எழுத்துத்தான் மங்கும், தொகை மங்காது. பேரூராட்சியில இருந்து வந்த டிமாண்டு நோட்டீசுதானே? அதைப் பார்த்ததுல இருந்து உனக்குச் சோறே எறங்கலையாம், மருமக சொல்லிச்சு. காளப்பநாயக்கன்பட்டியில வூட்டு வரி பாக்கி நின்ன மொத ஆளு நீதான்னு நெனச்சுக்கிட்டியா? அந்தப் பெருமையெல்லாம் உனக்குக் கெடைக்காது. உனக்கு முன்னாடியே பெரிய வரிசை நிக்குது.

ஆனாலும் உன்ற தெறமையைப் பாராட்டாம இருக்க முடியல. உங்கப்பன் கண்ணை மூடின நாள்ல இருந்து பில் கலெக்டர் கண்ணுல படாம காலம் தள்ளியிருக்கியே, சும்மாவா? தெருமொனையில அவரு வண்டிச் சத்தம் கேட்டா நீ கொல்லைப்பக்கம். "அவரு காரவள்ளிக்குப் போயிருக்காருங்க" அப்படின்னு மருமக. அடுத்த தடவை சேந்தமங்கலம். அதுக்கடுத்த தடவை மலைக்கு அன்னாசி ஏத்தப் போயிட்டே. கொல்லிமலையோட 70 கொண்டையூசி வளைவும் ஏறி எறங்கின மனுசன், சொந்த வூட்டு வாசப்படி ஏறறதுக்கு மட்டும் ஆபீசு மூடற நேரம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்திருக்கான். நம்ம மலையை ஆண்ட வல்வில் ஓரி, கேட்டவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தவன்னு வருசா வருசம் ஆடியில செம்மேட்டுல விழா எடுக்கறோம். நீயும் போய்க் கை தட்டிட்டு வர்றே. கேட்டு வந்த பில் கலெக்டருக்குத்தான் ஒரு சொம்புத் தண்ணி கூடக் கெடைக்கல.

சரி, இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இழுக்கணும்னா எப்படீன்னு கேளு, பெரியப்பன் சொல்லித் தர்றேன். நம்ம சனத்துக்கிட்ட மூணு வைத்தியம் ரொம்பப் பிரபலம்.

மொத வைத்தியம், தள்ளுபடி வரும்னு காத்துக்கிட்டு இருக்கறது. இதுல தப்பு உன்மேல மட்டும் இல்லை. 2021 பிப்ரவரியில கூட்டுறவு பேங்குல 12,110 கோடி ரூவா பயிர்க்கடனைத் தள்ளுபடின்னாங்க. அதே வருசம் ஆட்சி மாறின பொறவு, அஞ்சு பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனும் தள்ளுபடி. ஒழுங்காக் கடனைக் கட்டி நகையைத் திருப்பினவன் கழுத்தைத் தடவிக்கிட்டு நின்னான். கட்டாதவன் மீசையைத் தடவிக்கிட்டு நின்னான். அன்னைக்கே ஊரு ஒரு பாடம் படிச்சுப்போட்டது: கட்டினவன் ஏமாளி. ஆனா அப்புனு, அது அரசாங்கம் குடுத்த கடன். இது உன்ற தெரு வெளக்குக்கும் சாக்கடைக்கும் உன்ற ஊரே போட்ட வரி. இதைத் தள்ளினா அந்த வெளக்குக்குக் காசு வானத்துல இருந்தா வரும்?

ரெண்டாவது வைத்தியம், அண்ணன் கட்டட்டும்னு தம்பியும், தம்பி கட்டட்டும்னு அண்ணனும் இருக்கறது. உங்க வூட்டுல நடக்கறது இதுதானே? பாகம் பிரிக்கலை. நீ கட்டினா, 'வூட்டை வளைச்சுப் போடப் பாக்கறான்'னு திருப்பூர்ல இருக்கற உங்கண்ணன் நெனப்பான். அவன் கட்டினா உனக்கு அதே சந்தேகம். ரெண்டு பேரும் சந்தேகப்பட்டுக்கிட்டே வரியை வளர்த்திருக்கீங்க. நல்லாக் கேட்டுக்கோ: வரி ரசீது பத்திரம் ஆகாது. ரசீது ஆரு கையில இருந்தாலும் அவனவன் பங்கு அவனவனுக்கு. கட்டின ரசீதை ஒரு போட்டோ புடிச்சு அண்ணனுக்கு வாட்ஸப்புல அனுப்பி, 'உன்ற பங்கு இவ்வளவு'ன்னு ஒரு வரி எழுது. பங்குப் பணம் வருதோ இல்லையோ, பதில் வரும்.

மூணாவது வைத்தியந்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. "நோட்டீசு எங்கப்பன் பேர்ல வந்திருக்கு; அவருதான் போய்ச் சேந்துட்டாரே." அடேயப்பா! வரி விழுந்தது உங்கப்பன் தலைமேல இல்லை, தலைக்கு மேல இருக்கற கூரைமேல. நிலத் தீர்வையை எடுத்துக்கிட்ட பொறவு, வூட்டு மேல மொத உரிமை சொத்து வரிக்குத்தான்னு பழைய நகராட்சிச் சட்டம் 1920-லயே எழுதி வெச்சுட்டாங்க. நாளைக்கு நீ வித்தாலும் வாங்கறவன் மொதல்ல கேக்கறது வரி ரசீது. பேர் மாத்தணுமா, நடப்பு வரைக்கும் கட்டின ரசீது. புதுசாக் குடிநீர் இணைப்பு வேணுமா, அதுக்கும் ரசீது. இந்தப் பாக்கி மண்ணுக்குள்ள விட்ட குச்சிக்கிழங்காட்டம் சத்தமில்லாமப் பருத்துக்கிட்டே கெடக்கும். உனக்கு அவசரமா ஒண்ணு வேணுங்கற அன்னைக்குத்தான் கால்ல தட்டும்.

'அந்தக் காலத்துல இப்படியெல்லாம் தொந்தரவு இல்லை'ன்னு உங்கப்பன் சொல்லிக்கிட்டு இருப்பான். எந்தக் காலத்துல? செய்யாறு பக்கம் உக்கல்னு ஒரு ஊரு. அங்க பெருமாள் கோயில்ல ராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்குது. ரெண்டு முழு வருசம் வரி கட்டாதவன் நிலத்தை ஊர்க்காரங்களே எடுத்து வித்துக்கலாம்னு ராசாவோட ஆணை. ஆயிரம் வருசத்துக்கு முன்ன! அந்தக் கணக்குல உன்ற வூட்டை இந்நேரம் எத்தனை தடவை வித்திருப்பாங்கன்னு நீயே கூட்டிப் பாரு. கும்பினிக்காரன் மட்டும் என்ன? 1792-ல திப்பு சுல்தான் கையில இருந்து பாராமகாலும் சேலம் சீமையும் அவங்க கைக்குப் போச்சு. அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ தாமஸ் மன்றோவும் வந்தாங்க. நடுவுல இருந்த ஆளுங்களைத் தள்ளிட்டு, குடியானவன் பேர்லயே நேரா தீர்வை போடற ரயத்துவாரியைப் பழகிப் பார்த்ததே இந்தச் சீமையிலதான். பேர் சொல்லிக் கூப்பிட்டு வரி கேக்கறதுக்கு நாட்டுக்கே பள்ளிக்கூடம் நம்ம பக்கம். அங்க பொறந்துட்டு நீ நோட்டீசைப் பார்த்து நடுங்கினா எப்படி?

வேற ஊர்ல கேக்கற முறையைக் கேட்டா நம்ம பில் கலெக்டருக்கு நீ மாலை போடுவே. பீகார்ல பாட்னா மாநகராட்சி 2006-ல திருநங்கைகளை வேலைக்கு வெச்சு, பாக்கிக்காரன் கடை வாசல்ல பாட்டும் ஆட்டமும் நடத்துச்சு. பாட்டு முடியறதுக்குள்ள பணம் வந்துச்சாம். அவங்களுக்கும் வசூல்ல ஒரு பங்கு. மும்பைக்குப் பக்கத்துல தாணேயில மேளக்காரங்களை அனுப்பினாங்க. உன்ற வூட்டு வாசல்ல மேளம் அடிச்சா, மாமன் சீர் கொண்டு வர்றான்னு நெனச்சு ஒறம்பரை எல்லாம் கூடிப்போயிடும். காப்பிச் செலவு வரியை விட எச்சாயிடும்.

இப்ப அந்தக் காயிதத்தைக் குடு. நீ பயப்படறது தொகைக்கா, காயிதத்துக்கா? மொத்தம்னு கீழ எழுதியிருக்கற ஒரே ஒரு வரியைப் பார்த்துட்டு மடிச்சு வெச்சிருக்கே. மேல இருக்கறதைப் படிச்சியா? வரி விதிப்பு எண் உங்களுதுதானான்னு பாத்தியா? நீ போய்க் கேக்க வேண்டியது, 'எந்த அரையாண்டுல இருந்து எந்த அரையாண்டு வரைக்கும், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு' அப்படின்னு.

ஏன்னா வரிக்கும் ஒரு சரித்திரம் இருக்குது. நம்ம மாதிரிப் பேரூராட்சிகள்ல 2008-ல ஏத்தினாங்க. 2018-ல மறுபடியும் ஏத்தினாங்க, 2019 நவம்பர்ல அதை நிறுத்தி வெச்சாங்க. 2022 ஏப்ரல்ல இருந்து திரும்ப ஏத்தம்: 600 சதுர அடி வரைக்கும் வூடுகளுக்கு 25 சதவீதம், 1200 வரைக்கும் 50, 1800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. அதனால நிறுத்தி வெச்ச ஏத்தம் உன்ற பழைய பாக்கியில இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கா, உன்ற வூட்டுச் சதுர அடி சரியாப் போட்டிருக்கா, இடிஞ்சு போன மாட்டுக்கொட்டாய் இன்னும் கணக்குல நிக்குதான்னு பாரு. உங்கப்பன் கட்டின பழைய ரசீது தகரப் பெட்டியில இருக்கும். அதுல எந்த வருசம் வரைக்கும் கட்டியிருக்குன்னு ஒப்பிட்டுப் பாரு. குடிநீர்க் கட்டணம் தனிக் கணக்கு, அதையும் அதே மூச்சுல கேளு.

வட்டின்னா உனக்குக் கந்துவட்டி ஞாபகம் வந்துடுது. 2023-ல வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள்படி, காலத்துல கட்டாத வரிக்கு மாசம் 1 சதவீதம் தனிவட்டி. 600 ரூவா பாக்கின்னா மாசத்துக்கு 6 ரூவா. ஒரு டீக்குக் கூட ஆகாது. ஆனா அந்த 6 ரூவாய்க்குப் பயந்து நீ தூக்கத்துக்கு மாத்தர வாங்கினியே, அது என்ன வெலை? அதே விதியில, அரையாண்டு தொடங்கி ஒரு மாசத்துக்குள்ள, அதாவது ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் கட்டிட்டா 5 சதவீதம் தள்ளுபடியும் இருக்குது. தள்ளுபடி தள்ளுபடின்னு தவம் கெடந்தியே, அது வருசத்துக்கு ரெண்டு தடவை உன்ற தெரு வழியாத்தான் போகுது. நீதான் கொல்லைப்பக்கம் இருந்துட்டே.

காசு போனாப் போவுது, அப்புனு. பாக்கி உன்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டது வேற. உன்ற வூட்டுக்கு முன்னாடி சாக்கடை அடைச்சுக் கொசு மொய்க்குது. தெரு வெளக்கு எரியலை. ஒரு மனு எழுதிக் குடுடான்னா, "எதுக்குப் பெரியப்பா வம்பு"ங்கறே. அங்க போனா 'மொதல்ல பாக்கியைக் கட்டு'ன்னு சொல்லிருவாங்களோன்னு வெசனம். சட்டப்படி பாக்கிக்காரனும் கேக்கலாம். கேக்கத்தான் வாய் எந்திரிக்காது. வூட்டை வெச்சுக்கிட்டு வாயை அடமானம் வெச்சிருக்கே.

இது உனக்கு மட்டும் வந்த சீக்கு இல்லை. பேரன் ஸ்காட்லாந்துல படிக்கறானில்ல, அவன் சொன்னான். அங்க 1989-ல தலைக்கு இவ்வளவுன்னு ஒரு வரி போட்டாங்களாம். கட்ட முடியாத ஏழைபாழைங்க, வாக்காளர் பட்டியல்ல பேர் இருந்தாப் புடிச்சுக்குவாங்கன்னு பயந்து பேரையே விட்டுட்டாங்க. 1993-ல வரியே செத்துப் போச்சு, பாக்கி மட்டும் சாகலை. 2014-ல தனி நாடு ஆகலாமான்னு ஓட்டெடுப்பு வந்தப்பத்தான் ரொம்பப் பேரு திரும்பப் பேரைச் சேத்தாங்க. சேத்த ஒடனே, அந்தப் பட்டியலை வெச்சே பழைய பாக்கியைத் தேடறோம்னு சில ஊராட்சிங்க கெளம்பிச்சு. 2015-ல சட்டம் போட்டுத்தான் அதுக்கு முடிவு கட்டினாங்க. ஒடனே உனக்கு நாக்கு ஊறுதா? அது தலைவரி அப்புனு. தலை ஊர் விட்டு ஊர் போவும். உன்ற வூடு எங்க போவும்?

நம்மூர்லயே பாரேன். 2022 பிப்ரவரியில உள்ளாட்சித் தேர்தல் வந்துச்சே. வரி பாக்கி இருந்தா கவுன்சிலருக்கு நிக்க முடியாது. தமிழ்நாடு பூராவும் எத்தனை பெரிய மனுசங்க மனுத் தாக்கலுக்கு முன்னாடி வரிசையில நின்னு பழைய பாக்கியைக் கட்டினாங்க! நாற்காலி வேணுங்கறப்ப அவங்களுக்குக் கௌரவம் கொறையலை. நாளைக்கு உன்ற பையன் நிக்கறேன்னான்னா நீயும் அப்படித்தான் ஓடுவே. இப்பவே நடந்து போயிட்டா மூச்சு வாங்காது.

அதனால மார்ச்சு மாசக் கடைசிக்குப் போகாதே. அப்ப ஆட்டோவுல மைக்கு கட்டிக் கத்துவாங்க, கூட்டம் முட்டும், உனக்குப் பதில் சொல்ல ஆருக்கும் நேரம் இருக்காது. சும்மா ஒரு நாள்ல, சோலி கொறைஞ்ச காலையில போ. அப்பனோட எறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் எடுத்துக்கோ. பேர் மாத்தவும் சேத்துக் கேட்டுடலாம். ஒரேயடியாக் கட்ட முடியாட்டி, பழைய அரையாண்டுல இருந்து தவணையாக் கட்டறேன்னு செயல் அலுவலருக்கு எழுதிக் குடுத்துக் கேளு. தொகை தப்புன்னா அதையும் எழுத்துல குடு, நகல்ல சீல் வாங்கு. போன்லயும் கட்டலாம். ஆனா எவனாவது 'நான் பேசிக் கொறைச்சுத் தர்றேன்'னு வந்தான்னா காசை எடுக்காதே. ரசீது இல்லாமக் குடுக்கறதுக்குப் பேரு வரி இல்லை, மொய். புதன்சந்தைன்னு பேரு வெச்சுட்டு மாட்டுச் சந்தையைச் செவ்வாய்க்கெழமை கூட்டற சீமை இது. நீ 'நாளைக்கு'ன்னா அது எந்த மாசத்து நாளைன்னு எனக்குத் தெரியும். அதனால கெழமையைச் சொல்லிட்டுப் போ, மருமககிட்ட நான் விசாரிப்பேன்.

மொதத் தவணையைக் கட்டி ரசீதைச் சட்டைப் பையில வெச்ச பொறவு ஒடனே வூட்டுக்கு ஓடி வராதே. அந்தச் சாக்கடைக்கு ஒரு மனு, தெரு வெளக்குக்கு ஒரு மனு, ரெண்டையும் அங்கயே உக்காந்து எழுது. கொஞ்சம் சத்தமாவே கேளு. பில் கலெக்டர் இனிமே உன்னைப் பார்த்தா, அவரு கொல்லைப்பக்கமாப் போகட்டும்.