கொல்லையில் கரிவாயு புதைப்பது எப்படி?

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் உங்களுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறதா? குலை விலை இறங்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறதா? கவலையை விடுங்கள். புதுத் தொழில் ஒன்று வந்திருக்கிறது. புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைப் பிடித்து நிலத்துக்கடியில் அடைத்து வைத்து, அதற்கு வாடகை வாங்குவது. 2025இல் மலேசிய நாடாளுமன்றம் இதற்கென்றே சட்டம் போட்டுவிட்டது. தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும் என்கிறது சட்டம். ஆகவே பேராக்கும் உண்டு, உங்கள் ஐந்து ஏக்கரும் உண்டு.

முதலில் சரக்கு பிடிக்க வேண்டும். கடலோரமாக வடக்கே போனால் மஞ்சோங்கில் 4,100 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் நிற்கிறது, பஞ்சமே இல்லை. புகையை அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலுக்குள் விட்டால் கரிவாயு அதில் பிடித்துக்கொள்ளும். கரைசலைச் சுமார் 120 பாகைக்குச் சூடாக்கினால் வாயு தனியே கழன்று வரும். அந்தச் சூட்டுக்கே மின்சாரத்தில் ஒரு நல்ல பங்கு போய்விடும் என்பதை மின் நிலையத்தாரிடம் கடைசியாகச் சொல்லுங்கள். அமீனுக்கு மீன் கவிச்சி உண்டு. நம் ஊரில் அதை யார் கவனிக்கப்போகிறார்கள்?

அடுத்து குழாய். அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பியில், சட்டார்ஷியா என்ற சிற்றூரருகே இப்படியொரு குழாய் வெடித்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். காற்றில் பிராணவாயு குறைந்து கார்கள்கூட நின்றுவிட்டன. கரிவாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தேங்கும். ஆகவே குழாய் வெடித்தால் மேட்டுக்கு ஓடுங்கள். பகான் டத்தோ மாவட்டத்தில் மேடு எங்கே என்று கேட்காதீர்கள். ஆற்றங்கரை பண்ட் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது.

இனி முக்கியமான வேலை, ஷேல் பாறை தேடுவது. களிமண் யுகக்கணக்கில் அழுந்தி ஏடு ஏடாக இறுகிய கல் அது. அதில் பழைய உயிரினக் கரி கலந்திருந்தால், கோப்பையில் ஒட்டுப்பால் பிடித்துக்கொள்வதுபோல் கரிவாயு அதில் ஒட்டிக்கொள்ளும். முன்பே ஒட்டியிருந்த மீத்தேனையும் கிளப்பிவிடும். அதை விற்றுக்கொள்ளலாம், எரிக்கலாம். எரித்தால் மறுபடி கரிவாயு. தொழில் நிற்கவே நிற்காது!

சின்னச் சங்கடம் ஒன்று உண்டு. ஷேலுக்குள் எதுவும் எளிதில் நுழையாது. நுழைக்க வேண்டுமானால் நீரழுத்தத்தால் உடைக்க வேண்டும். உடைத்த இடம் வாயுவை அடைக்கும் மூடியாக இருக்காது. அதனால்தான் விவரமானவர்கள் ஷேலைப் பெரும்பாலும் மூடியாகவே வைத்துக்கொள்கிறார்கள். நார்வேக்காரர்கள் 1996 முதல் ஸ்லைப்னர் வயலில் கடலுக்கடியில் மணற்பாறைக்குள் வாயுவை விடுகிறார்கள், மேலே மூடியாக ஷேல். பெட்ரோனாஸ் 2022 நவம்பரில் சரவாக் கடலின் கசாவரி திட்டத்துக்கு முடிவெடுத்தபோதும் தேர்ந்தது ஷேலை அல்ல, எரிவாயு தீர்ந்துபோன எம்1 என்ற வயலைத்தான். ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் அடைப்பதாகத் திட்டம். உங்களிடம் தீர்ந்துபோன எரிவாயு வயல் இல்லை. எங்கள் வட்டாரத்தில் தீர்ந்துபோனது ரப்பர் மட்டும்தான்.

ஆழத்தில் கஞ்சத்தனம் கூடாது. குறைந்தது 800 மீட்டர். அங்கேதான் அழுத்தத்தில் வாயு திரவம் மாதிரி நெருங்கி, மேலே இருந்த பருமனில் மிகச் சிறு பங்காகச் சுருங்கும். இரட்டைக் கோபுரத்தின் உயரமே 452 மீட்டர்தான். உங்கள் கிணற்றுக்காரரிடம் விலை கேட்கும்போது உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

உள்ளூர்ச் சரக்கு போதாவிட்டால் இறக்குமதி செய்யலாம். வெளிநாட்டுக் கரிவாயு வந்து நிரந்தரமாகத் தங்குவதற்கும் அனுமதிச் சீட்டு உண்டு. இந்த மண்ணிலேயே பிறந்து, பால் வெட்டி, சிவப்பு அடையாள அட்டையோடே கண்மூடிய தோட்டத்துப் பாட்டிகள் இதைக் கேட்காமல் போனது நல்லதுதான்.

எல்லாம் தயாரா? தோண்டுங்கள். ஊருக்கு உட்புறத்து நிலமாக இருந்தால் மேலேயே கறுப்பாக, நாராக ஒன்று வரும். அதுதான் கம்புட் மண். சில ஆயிரம் ஆண்டுகளாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடக்கும் இலை, வேர், மரம்; அத்தனையும் காற்றிலிருந்து மரங்கள் பிடித்து வைத்த கரி. அமீன் இல்லை, குழாய் இல்லை, பெட்ரோனாஸ் இல்லை. காவலுக்கு இருந்தது தண்ணீர் மட்டும். அதைத்தான் நாம் பாரிட் என்ற வடிகால் வெட்டி பெர்ணம் ஆற்றுக்கு அனுப்பினோம். தண்ணீர் இறங்கியதும் காற்று புகுந்தது, மண் மக்குகிறது, நிலம் தாழ்கிறது, செம்பனை சாய்கிறது. காரணம் தெரியாமல் உரக்காரனைத் திட்டுகிறோம்.

ஐநா காலநிலைக் குழுவின் 2013 கணக்குப்படி, வடித்த கம்புட்டில் நிற்கும் செம்பனை, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11 டன் கரியை, அதாவது சுமார் 40 டன் கரிவாயுவை மண்ணிலிருந்து விடுகிறது. கசாவரியின் 3.3 மில்லியனை 40ஆல் வகுத்துப் பாருங்கள்: 82,500 ஹெக்டேர். 2009இலேயே மலேசியாவில் கம்புட்டில் நின்ற செம்பனை ஆறரை லட்சம் ஹெக்டேருக்கு மேல். கடலுக்கடியில் அத்தனை பாடுபட்டு அடைக்கத் திட்டமிட்டதைப்போல் பல மடங்கை, தோட்டத்துப் பாரிட் வழியாகச் சத்தமில்லாமல் திறந்துவிட்டிருக்கிறோம்.

ஆகவே வழிகாட்டியின் கடைசிப் பக்கம். துளையிடும் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்கள். பாரிட்டுக்குக் குறுக்கே மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரை நிலமட்டத்துக்குக் கீழே 40 முதல் 60 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள். செம்பனைக்கும் அதுவே தோது. நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால், ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் ஒன்பது டன் கரிவாயு மண்ணுக்குள்ளேயே இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வாடகை எதுவும் கிடைக்காது. வறட்சி வருவதற்குள் மூட்டையை அடுக்கிவிடுங்கள், பக்கத்துத் தோட்டக்காரரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் பாரிட் திறந்திருந்தால் உங்கள் தண்ணீரும் அந்த வழியாகத்தான் போகும்.