காற்புள்ளியா, அம்புக்குறியா?

எடிசன், நியூ ஜெர்சி
ஜனவரி 3

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

  பெரியம்மாவின் முட்டிவலி தேவலையா? சம்பா அறுப்புக்கு மிஷின் கிடைத்ததா, இல்லை போன வருஷம் மாதிரி பக்கத்து ஊர்க்காரன் அறுத்து முடிக்கட்டும் என்று வரப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களா? போனில் பேசலாம் என்றால் மூணாவது நிமிஷமே "சரிப்பா, காசு ஆகும், வை" என்கிறீர்கள். வாட்ஸ்அப்புக்குக் காசு இல்லை என்று சொன்னாலும் நம்புவதில்லை. ஆகவே விஷயம் பெரிசாக இருந்தால் கடிதம்தான்.

விஷயம் பெரிசுதான். போன வாரம் ஒரு கச்சேரிக்குப் போனேன்.

பக்கத்து வீட்டில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார் என்று முன்பு எழுதியிருந்தேனே, பனி கொட்டினால் நம் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனுஷன். வயது ஐம்பத்தைந்து இருக்கும். சாது. ஆனால் டிசம்பர் கடைசி வாரம் வந்தால் ஆள் வேறு. 'ஃபிஷ்' என்று ஒரு இசைக்குழு வருஷக் கடைசியில் நியூயார்க்கில் நாலு ராத்திரி வாசிக்கும்; நாலு ராத்திரியும் இவர் போவார். இந்தத் தடவை கூட வருகிறவருக்குக் காய்ச்சல். ஒரு டிக்கெட் மிச்சம். உங்கள் மருமகள், "அவர் நமக்குப் பனி தள்ளுகிறார், நீங்கள் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

இந்த ஃபிஷ் வெர்மான்ட் மாநிலத்துக்காரர்கள். 1983-இல் பர்லிங்டன் ஊரில் காலேஜ் பையன்களாக ஆரம்பித்தது. கிதார், பாஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று நாலே பேர். ரேடியோவில் ஓஹோ என்று ஓடிய பாட்டு பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனாலும் மேடிசன் ஸ்கொயர் கார்டன் நிரம்பி வழிகிறது. காரணம், ஒரு பாட்டை இன்று வாசித்த மாதிரி நாளை வாசிக்க மாட்டார்கள். பாட்டைப் பாடி முடித்துவிட்டு, அதிலிருந்து புறப்பட்டு, நாலு பேரும் ஒருவர் வாசிப்பதை ஒருவர் கேட்டுக்கொண்டே அந்த நிமிஷம் தோன்றியதை வாசித்துக்கொண்டு போவார்கள். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், தோன்றினால் அதற்கு மேலும். இதற்கு ஜாம் என்று பேர். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெண்ணெய்த்தாழி உற்சவத்தில் நாயனக்காரர் நம் தெரு முக்கில் நின்றுவிட்டால் சாமியே நகராதே, அந்தச் சங்கதிதான்.

அரங்கத்துக்கு வெளியே நடைபாதையில் நின்றவர்களில் பாதிப் பேர் ஒற்றை விரலை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. டிக்கெட் இல்லாதவர்கள், யாராவது புண்ணியவான் ஒன்று கொடுக்க மாட்டானா என்று கேட்கிற முறையாம் அது. இதற்கும் மற்ற பல சடங்குகளுக்கும் மூலவர்கள் கிரேட்ஃபுல் டெட் என்கிற கலிஃபோர்னியாக் குழு. 1965-இல் தொடங்கி, 1995-இல் ஜெரி கார்சியா என்கிற கிதார்காரர் இறக்கும்வரை ஊர் ஊராக வாசித்தவர்கள். அந்த நடைபாதையில் கஞ்சா வாசனையும் இருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2021 முதல் பெரியவர்களுக்கு அது குற்றமில்லை. ஆனாலும் அம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

உள்ளே போனோம். கீழே பென் ஸ்டேஷன், ரயில் ஓடுகிறது. அதன் தலைமேல் அரங்கம். டிரம்ஸ்காரர் வட்டம் வட்டமாகப் போட்ட கவுன் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆண்பிள்ளைதான். பல வருஷமாக அதே தினுசு கவுன்தானாம். சில ராத்திரிகளில் வீடு கூட்டுகிற வேக்குவம் கிளீனரின் குழாயை வாயில் வைத்து ஊதித் தனி ஆவர்த்தனமும் உண்டாம். அன்று ஊதவில்லை. அதிலும் வாத்தியாருக்கு ஒரு குறை.

முதல் பாதி முடிந்து, இடைவேளை விட்டு, இரண்டாம் பாதி. அதில் ஒரு பாட்டு. பாடுகிற பாகம் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. கிதார்காரர் ட்ரே அனஸ்டாசியோ ஒரு சின்னப் பிடியை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தார். பாஸ்காரர் அதைத் தொடாமல் பக்கத்திலேயே வேறொன்றைப் போட்டார். கீபோர்டு மெல்ல நிறம் மாறியது. தாளம் எப்போது மாறியதென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மாறிவிட்டிருந்தது. கிறிஸ் குரோடா என்று ஒருவர் விளக்குப் போடுகிறார்; அவரும் வாசிக்கிறவர்களில் ஒருவர் என்றே இவர்கள் கணக்கு. ஊதா வெளிச்சம் சட்டென்று வெள்ளையானபோது கூட்டம் மொத்தமும் "ஊ" என்றது. காலடியில் தரையே அதிர்ந்தது.

வாத்தியார் மட்டும் வாட்சைப் பார்த்தார். "பதினோரு நிமிஷம். இப்பத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்காங்க" என்றார். வீடு என்றால் பாட்டின் சுருதிக்கட்டு. ஜாம் அதற்குள்ளேயே சுற்றிவந்தால் அது டைப் ஒன்று. கட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டால் டைப் இரண்டு. இது ரசிகர்களே வகுத்த இலக்கணம். இரண்டாவது வகைக்காகத்தான் இவர்கள் சம்பளத்தில் பாதியைச் செலவழிக்கிறார்கள்.

இன்னும் கொஞ்சம் போனால் எங்கோ போய்ச் சேரும் என்று எனக்கே தோன்றிய நேரத்தில், ட்ரே திடீரென்று அடுத்த பாட்டின் முதல் வரிசையை எடுத்துவிட்டார். சுற்றிலும் "அடடா" என்று ஒரு முனகல். அதே வாயோடு அடுத்த பாட்டுக்கு ஆட்டமும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்படிப் பாதியில் வெட்டுவதற்கு 'ரிப்கார்டு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாராசூட் கயிற்றைப் பாதி வழியிலேயே இழுத்துவிட்டார் என்று வைதுகொள்கிறார்கள்.

பெரியப்பா, அசல் கச்சேரி இதற்குப் பிறகுதான். பென் ஸ்டேஷனில் பின்னிரவு ரயிலுக்குக் காத்திருந்தோம். பாதிக் கூட்டம் அங்கேதான் தரையில் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். வாசித்த பாட்டெல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. ஒரு பாட்டு முடிந்து நின்றால் காற்புள்ளி. நிற்காமல் அடுத்ததற்குத் தாவினால் ஒரு கூர்க்குறி. எங்கே இது முடிந்தது, எங்கே அது தொடங்கியது என்றே தெரியாமல் கரைந்து போனால் வால் வைத்த அம்புக்குறி. ஓரத்தில் நிமிஷம். அதற்குப் பக்கத்தில், இந்தப் பாட்டைக் கடைசியாக வாசித்து எத்தனை கச்சேரி ஆயிற்று என்று ஒரு எண். பள்ளிக்கூடத்தில் இவர் மார்க் போடுகிற அதே சிவப்புப் பேனா.

பக்கத்தில் ஒரு நர்ஸ் அம்மா, டியூட்டி முடிந்து நேரே வந்தவர். எட்டிப் பார்த்தார். "அங்கே அம்புக்குறியா? என்ன அநியாயம்! ரிப்கார்டு பண்ணினாருங்க. கூர்க்குறிகூடத் தகாது. காற்புள்ளி போடுங்க." வாத்தியார் விடவில்லை. "கிதார் வெட்டிச்சு, நிஜம். ஆனா பாஸ் அதுக்கு முன்னாலயே அந்தப் பக்கம் போயிட்டார். நீங்க பாஸைக் கேக்கல." நர்ஸ் அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் எப்பவும் பாஸ் பக்கம்தான் நிக்கிறேன்!" எந்த வாத்தியக்காரருக்கு நேராக நிற்பது என்பதே இவர்களிடம் குலம் கோத்திரம் போல.

தாடி வைத்த பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். "இதெல்லாம் என்ன! டாஹோ ட்வீசர் கேட்டிருக்கீங்களா?" என்றான். 2013 ஜூலை 31-ஆம் தேதி, டாஹோ ஏரிக்கரையில் ட்வீசர் என்ற பாட்டை அரை மணிக்கு மேல் வாசித்தார்களாம். அடுத்து, 1999 டிசம்பர் 31. ஃப்ளோரிடாவில் செமினோல் பழங்குடிகளின் நிலத்தில் நள்ளிரவை ஒட்டித் தொடங்கியவர்கள் சூரியன் உதித்த பிறகுதான் நிறுத்தினார்களாம். ஏழு மணி நேரத்துக்கு மேல். எந்தப் பாட்டு எப்போது வந்தது, எந்த இடத்தில் கிதார் தடுமாறியது எல்லாம் சொன்னான். "நீ போயிருந்தியா?" என்று கேட்டேன். "நான் அப்ப பொறக்கவே இல்ல" என்றான். தாத்தா திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டதை நீங்களே கேட்டதாகச் சொல்வீர்களே, அந்தப் பையனை நீங்கள் தத்தெடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வித்தியாசம். அவனிடம் அத்தாட்சி இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் காலத்திலேயே ரசிகர்கள் மைக்கும் டேப்ரெக்கார்டருமாக வந்து ஒலிப்பதிவு பண்ணியிருக்கிறார்கள். மற்ற குழுக்கள் என்றால் ஆளை வெளியே தள்ளியிருக்கும். டெட் குழுவினரோ 1984-இல் பதிவு பண்ணுகிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். விற்கக்கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது வழக்கம். காலி கேசட்டும் தபால் தலையும் அனுப்பினால், முன்பின் தெரியாதவர் ஒருவர் கச்சேரியைப் பதிந்து திருப்பி அனுப்புவார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8 அன்று டெட் வாசித்தது அப்படிக் கைமாறிக் கைமாறியே பேர் வாங்கி, கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுப் பட்டியலில் போய் உட்கார்ந்துவிட்டது. ஃபிஷ்ஷும் பதிவு பண்ண விடுகிறார்கள். 2002 கடைசியிலிருந்து கச்சேரிகளைத் தாங்களே பதிந்து விற்கவும் செய்கிறார்கள். எல்லா ராத்திரியும் கையில் இருப்பதால்தான், இந்த ராத்திரியை எந்த ராத்திரியோடும் வைத்து எடை போட முடிகிறது. ஞாபகத்தை மட்டும் நம்பியிருந்தால் சண்டை பத்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடும். அத்தாட்சி இருப்பதால் முப்பது வருஷமாக நடக்கிறது.

இந்தச் சமயத்தில் வாத்தியார் என்னை அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்: "இவர் விநாயக்ராம் ஊர்ப் பக்கம்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டெட் குழுவின் டிரம்ஸ்காரர்களில் ஒருவர் மிக்கி ஹார்ட். அவர் 1991-இல் 'பிளானட் டிரம்' என்று ஒரு ஆல்பம் போட்டார். அதில் ஜாகிர் உசேன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். உலக இசைக்கென்று முதன்முதலாகக் கொடுத்த கிராமி விருது அதற்குத்தான். தாடிக்காரன் உடனே எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். மண்பானைக்கு இங்கே இருக்கிற மரியாதை என் எம்.டெக். பட்டத்துக்கு இல்லை.

பிறகு மறுபடி குறைப்பாட்டு. முதல் பாதியில் பாட்டுத் தேர்வு சரியில்லை. ஒரு பாட்டில் கிதார் வழுக்கியது. பின்வரிசையில் யாரோ கச்சேரி பூராவும் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் 2017-ஐப் பற்றிக் கேட்டேன். அந்த வருஷம் இதே அரங்கத்தில் 13 ராத்திரி வாசித்து, 237 பாட்டு, ஒன்றைக்கூட இரண்டாம் தடவை வாசிக்கவில்லையாமே, அதிலாவது குறை இல்லையே என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பதிமூன்றையும் தரவரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். மூன்று பேருக்கும் மூன்று வரிசை. ராத்திரிக்கு ஒரு தினுசு டோனட் என்று வைத்திருந்தார்களாம். பழ ஜாம் வைத்த டோனட் கொடுத்த ராத்திரியில், வழக்கமாக மூன்று நாலு நிமிஷத்தில் முடிகிற 'லான் பாய்' அரை மணியை நெருங்கியது. அதை மட்டும் மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொண்டதும் பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் நர்ஸ் அம்மாதான், "ஆனா அதோட முடிவு..." என்று ஆரம்பித்துக் காப்பாற்றினார்.

என்னால் பொறுக்கவில்லை. "இவ்வளவு குறை இருக்கே, நாளைக்கு டிக்கெட்டை வெளியே விரல் தூக்கிட்டு நிக்கிறவங்களுக்குக் கொடுத்துடலாமே" என்றேன். நான் ஏதோ அவர் வீட்டை எழுதிக் கேட்டுவிட்ட மாதிரி வாத்தியார் என்னைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். 2004-இல் ஃபிஷ் குழுவைக் கலைப்பதாக அறிவித்து, வெர்மான்ட்டில் கவென்ட்ரி என்ற ஊரில் கடைசிக் கச்சேரி வைத்தார்கள். மழையில் மைதானம் சேறாகி, வண்டிகளை உள்ளே விட முடியவில்லை. ஜனங்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் காரைப் போட்டுவிட்டு மைல் கணக்கில் நடந்தார்கள். இவரும் நடந்தார். வாசிப்பு படுமோசம். "அதையும் முழுசா நோட்டுல எழுதினேன். 2009-இல் திரும்ப ஒண்ணு சேர்ந்தாங்க. அந்த மோசத்தைக் கேட்டவனுக்குத்தான் இன்னிக்கு எது நல்லாயிருந்ததுன்னு தெரியும்" என்றார்.

நம் தெருவில் நாயனக்காரரைப் பற்றி நீங்கள் ஒருவர்தான் குறை சொல்வீர்கள். தெருமுனை திரும்பும்வரை கூட நடக்கிறவரும் நீங்கள் ஒருவர்தான். "நல்லா இருந்தது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போகிறவன் பாதியைக் கேட்டிருக்க மாட்டான் என்பீர்கள். இந்த ஊரில் உங்களுக்கு ஒரு கட்சியே இருக்கிறது, பெரியப்பா. கட்சி ஆபீஸ் ரயில்வே ஸ்டேஷன் தரை.

அந்த ராத்திரிப் பதிவைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் பாதியை மட்டும் கேட்டால் போதும். வாத்தியார் அந்தச் சர்ச்சைக்குரிய அம்புக்குறியை அடித்துவிட்டு, அந்த இடத்தை நோட்டில் இன்னும் காலியாக விட்டிருக்கிறார். என் வாக்கு செல்லாதாம், நான் புதுசாம். காற்புள்ளியா, கூர்க்குறியா, அம்புக்குறியா என்று நீங்கள் ஒரு வரி எழுதுங்கள். எத்தனையாவது நிமிஷத்தில் எரிச்சல் வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னார். அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறதாம்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். முட்டிவலித் தைலம் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சின்னவன்