என் சிஸ்டத்துல வருதே!

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்காரருக்கும் ஐடி கம்பெனிக்காரருக்கும் டீக்கடை ஒன்றுதான். அங்கே கழுத்தில் ஐடி கார்டு தொங்க, ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் போனுமாக ஒருவர் நிற்பார். “இன்னொரு டாட் டாட் ஸ்லாஷ் போட்டுப் பாரு. வரலையா? சரி, ஒண்ணு எடுத்துட்டுப் பாரு.” அவர்தான் அண்ணா. ஜூனியர் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

அண்ணாவுக்கு வேலை, வெப்சைட்டுகளுக்கு ஸ்டைல்ஷீட் எழுதுவது. பேனர் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பிரவுசருக்கு வழி சொல்வதும் அதில் அடக்கம். டாட் டாட் ஸ்லாஷ் என்றால் ஒரு ஃபோல்டர் மேலே ஏறு என்று பொருள். எங்கிருந்து? ஸ்டைல்ஷீட் இருக்கும் இடத்திலிருந்து. பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ் விதியிலேயே இது இருக்கிறது. அண்ணா விதியெல்லாம் பார்ப்பதில்லை. படம் தெரியும்வரை ஏறுவார். உச்சிக்கு மேல் எத்தனை முறை ஏறச் சொன்னாலும் பிரவுசர் வாய் திறக்காமல் உச்சியிலேயே நின்றுகொள்ளும். அந்தப் பெருந்தன்மையை அண்ணா தன் அனுபவம் என்று நம்புகிறார்.

ஃபைல்களையெல்லாம் சேர்த்துக் கட்டித் தரும் பண்ட்லருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. படத்தை அது டிஸ்கிலேயே தேடும். இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் கத்தும். ஸ்டைல்ஷீட்டைத் துண்டு துண்டாக எழுத உதவும் சாஸ் (Sass) இன்னொரு ரகம். உள்ஃபோல்டரில் எழுதிய துண்டை மெயின் ஃபைலோடு சேர்த்துவிடும். படத்தின் பாதையை மட்டும் தொடாது. துண்டு இடம் மாறிவிட்டது, வழி மாறவில்லை. பேனர் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

“அண்ணா, ஸ்டேஜிங்ல பேனர் காணோம்ணா.”

“என் சிஸ்டத்துல வருதே! கேஷ் கிளியர் பண்ணு.”

“பண்ணிட்டேன்ணா.”

“அப்ப சர்வர்ல ஏதோ பிரச்சினை.”

ஒரு விதத்தில் உண்மைதான். அண்ணா பேனர் ஃபைலுக்குப் பெரிய எழுத்தில் பெயர் வைத்து, ஸ்டைல்ஷீட்டில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் சர்வர் விடாது.

அவரிடம் வைத்தியம் இன்னும் இரண்டு உண்டு. முதலாவது, எல்லாப் பாதைக்கும் முன்னால் ஒரு ஸ்லாஷ். “ரூட்லேர்ந்து குடுத்துட்டேன், இனிமே அசையாது” என்பார். கிளையன்ட் சைட்டைத் துணை ஃபோல்டரில் ஏற்றிய அன்று எல்லாப் படமும் ஒன்றாகக் காணாமல் போகும். இரண்டாவது, படத்தையே பேஸ்64 எழுத்துகளாக்கி ஸ்டைல்ஷீட்டுக்குள் திணிப்பது. சின்ன ஐகானுக்கு அது நல்ல யோசனை. வீட் (Vite) என்ற பில்ட் கருவி தானாகவே 4 கேபிக்குக் குறைந்ததை அப்படிச் செய்கிறது. அண்ணா இரண்டு எம்பி பேனருக்குச் செய்வார். எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். பக்கம் திறப்பதற்குள் ஆவடி லோக்கல் வந்துவிடும்.

வீட்டிலும் அண்ணா இப்படித்தான். பிரியாணி டெலிவரிப் பையனிடம் “லெப்ட் எடுத்து ரெண்டாவது ரைட்டு” என்பார், அம்பத்தூர் ஸ்டேஷனிலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டு. பையன் செங்குன்றம் ரோட்டிலிருந்து வந்துகொண்டிருப்பான். பிரியாணி ஆறிப்போய் வரும். “பையனுக்கு ஏரியா தெரியல” என்று தீர்ப்பு.

உங்கள் டீமிலும் ஓர் அண்ணா இருப்பார். அவரைத் திருத்தப் பார்க்காதீர்கள். படத்தை அதைக் கேட்கும் ஸ்டைல்ஷீட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஃபைல் பெயர் எல்லாம் சின்ன எழுத்தில் இருக்கட்டும். பாதையைத் திருத்தும் வேலையைப் பண்ட்லரிடம் விடுங்கள். ரிலீஸுக்கு முன் பில்டை ஓட்டி, வந்த ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். அண்ணா சிஸ்டத்தில் மட்டும் பார்க்காதீர்கள். அங்கே எல்லாம் வரும்.