வராந்தாவில் ஒரு மைசூர்

மைசூரில் ஜாவா, எஸ்டி மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடப்பட்டது வரலாறு. அதை வீட்டு வராந்தாவில் மறுபடி திறந்தே தீருவேன் என்று குடும்பத்தலைவர் ஒருவர் கிளம்பினால், அதற்குப் பெயர் ரெஸ்டொரேஷன்.

வண்டியைப் பிரிப்பது எளிது, ஒரு ஞாயிறு போதும். கார்புரேட்டர் சமையலறை அலமாரிக்கும், கிளட்ச் பிளேட்டுகள் பூஜை அறை ஓரத்துக்கும் குடிபோகும். இட்லிக் குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றிச் செயினை ஊறவைத்த பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நல்லதுதான், கவனம் சிதறாது.

அப்புறம் உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டைக் கடைகள். "ஒரிஜினல் சார், கம்பெனி சரக்கு" என்று கடைக்காரர் நீட்டும் ஸ்பீடோமீட்டரில் பெயின்ட் இன்னும் காய்ந்திருக்காது. பேரம் பேசினால் கோபித்துக்கொள்வார்.

"இந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே, மாப்பிள்ளை" என்பார் மாமனார். 2018-இல் ஜாவாவும் 2022-இல் எஸ்டியும் புது அவதாரத்தில் திரும்பிவிட்ட செய்தி அவருக்கும் எட்டியிருக்கிறது. மாமனார்களுக்கு ரசனை போதாது. பட்டனைத் தட்டினால் கிளம்பும் வண்டியில் என்ன இருக்கிறது?

பழைய எஸ்டியில் கிக்கரேதான் கியர் லீவர்! உதைத்துக் கிளப்பிவிட்டு, அதையே திருப்பிக் கியர் போட வேண்டும். காபி குடிக்க வந்த விருந்தாளி இதைக் கேட்காமல் தப்ப முடியாது. வண்டி எப்போது ஓடும் என்று மட்டும் அவர் கேட்கக் கூடாது.

ஒருவழியாகக் கிளம்பும் நாளில், இரட்டை சைலென்சர் கக்கும் டூ-ஸ்ட்ரோக் புகையைப் பார்த்து, மாநகராட்சி கொசு மருந்தடிக்க வந்துவிட்டதென்று எதிர்வீட்டார் ஜன்னலைச் சாத்துவார்கள்.