விகிதம் படிக்காதலே, பேராண்டி!

ஏலே பேராண்டி, ஆறாம் வகுப்புலேயே பின்னம், விகிதம்னு வாத்தியார் உயிரை எடுக்காராமே? விட்டுத்தள்ளு. நீயும் கணக்குப் படிச்சிட்டா, ஏமாத்திப் பிழைக்கிறவன் எங்கலே போவான்?

கடலைமிட்டாய்ல உங்க அக்கா கால் பங்கை எடுத்துக்கிட்டு, "உனக்கு எட்டுல ஒண்ணு"ன்னா வாயெல்லாம் பல்லா வாங்கிக்கோ. நாலைவிட எட்டு பெருசுல்லா! கீழே உள்ள எண் பெருக்கப் பெருக்கத் துண்டு சிறுக்கும்ங்கிற ரகசியம் அவளோட இருக்கட்டும்.

பால் வாங்கவும் நீயே போ. ஒருத்தர் நாலு லிட்டர் பால்ல ஒரு லிட்டர் தண்ணி விடுதாரு. இன்னொருத்தர் ஆறு லிட்டர் பால்ல ரெண்டு லிட்டர். "ஆறு பெருசு, அதுதான் கெட்டிப் பால்"னு ரெண்டாவது ஆள்கிட்ட ஓடு. முதல் கேன்ல அஞ்சுல நாலு பங்கு பால். ரெண்டாவதுல நாலுல மூணு பங்கு. ரெண்டையும் இருபது பங்காக்கினா, அங்க 16, இங்க 15. குறைஞ்ச ஒரு பங்கைக் கிணறு கறந்திருக்கு. அதனாலென்ன, அதுவும் வெள்ளையாத்தானே இருக்கு?

ஆடித் தள்ளுபடியில "50 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம்"னு போர்டு கண்டா, 70ன்னு கூட்டிக்கிட்டு 300 ரூவாயோட போ. ஆயிரம் ரூவாச் சேலை பாதியாகி 500 ஆகும். இருபது சதவீதம் அந்த 500ல தான், வெறும் 100. பில்லு 400. மிச்சத்துக்கு கடைக்காரர் முகத்தைப் பார்த்துக்கிட்டு நில்லு.

நகையில 916ன்னு முத்திரை இருந்தா ஏதோ பஸ் நம்பர்னு நெனச்சுக்கோ. 24 பங்குல 22 பங்கு தங்கம், அதாவது ஆயிரத்துக்கு 916 சொச்சம்னு தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? 750ன்னு போட்ட 18 காரட்டையும் அதே விலைக்கு வாங்கு. முக்கால் பங்கு தங்கம், முழு மரியாதை!

"எதுல எத்தனை?"ன்னு மட்டும் வாயைத் தொறந்து கேட்டுராதே. அந்தக் கேள்வி ஊருக்குள்ள பரவினா பாதி யாவாரம் படுத்துரும்.

அதுசரி, பரீட்சையில நீ 25க்கு 20, பக்கத்து வீட்டுப் பய 50க்கு 38. "அவன் 38, நீ 20தானா"ன்னு உங்கம்மா கரண்டியோட வாசல்ல நிக்கா. உன்னோடது 50க்கு 40 ஆகும்னு சொல்லித் தப்பிக்கலாம். ஆனா அதுக்கு விகிதம் தெரியணுமே... போலே, போய் வாங்கிக்கட்டு.